ஹாலோவீன் வினாத்தாளை ஓரமாக வையுங்கள், கதை கேளுங்கள்

அக்டோபர் 31 இரவில் பிள்ளைகள் வேடமிட்டு, வீடு வீடாகக் கதவைத் தட்டி மிட்டாய் கேட்கும் பேய்ப் பண்டிகைதான் ஹாலோவீன். அக்டோபர் பிறந்தால் போதும், இங்கே கனடாவின் முதியோர் இல்லங்களில் அதைப் பற்றிய வினாத்தாள்கள் வந்து குவிந்துவிடும். பூசணிப் படம், இருபது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை, மேலே 'மூளைக்குப் பயிற்சி' என்று கொட்டை எழுத்துத் தலைப்பு. ரொறன்ரோவில் இப்படியொரு இல்லத்தில் முதியவர்களுக்கான நிகழ்ச்சிகளை நடத்துவது என் வேலை. எனக்கு இந்தப் பண்டிகை மிகவும் பிடிக்கும். கிறிஸ்துமஸுக்குக்கூட வாய் திறக்காத சிலர் ஹாலோவீன் என்றதும் பேசத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தத் தாளை நிரப்ப வைத்துவிட்டு மூளைக்கு நல்லது செய்துவிட்டதாக நினைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மூளைப் பயிற்சி என்ற பேச்சையே கொஞ்சம் நிதானமாகத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய 2,832 பேரை வைத்து 'ஆக்டிவ்' என்ற பெரிய ஆய்வு நடந்தது. 2002இல் வந்த அதன் முதல் முடிவுகளில், நினைவுப் பயிற்சி பெற்றவர்களுக்கு நினைவும், தர்க்கப் பயிற்சி பெற்றவர்களுக்குத் தர்க்கமும் மேம்பட்டிருந்தன. ஒன்றில் கிடைத்த பலன் மற்றதற்குத் தாவவில்லை. மூளை விளையாட்டுச் செயலிகளை விற்ற லுமோசிட்டி நிறுவனம், வயதால் வரும் நினைவுத் தளர்ச்சியைத் தடுக்கும் என்று ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததற்காக 2016இல் 20 லட்சம் டாலர் கட்டியது. ஆகவே பூசணி எந்தக் கண்டத்துக் காய் என்ற கேள்விக்குச் சரியான கட்டத்தில் புள்ளடி போடுவதால் மறதி நோய் தள்ளிப்போகும் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

வினாத்தாளின் இன்னொரு சிக்கல், அது கேட்பதெல்லாம் பெயரும் ஆண்டும். வயதாகும்போது முதலில் தொண்டைக்குள் சிக்கிக்கொள்வது பெயர்கள்தான். சொல்வளமும் உலக அனுபவமும் அதற்குப் பிறகும் நெடுங்காலம் உறுதியாக நிற்கும். தளர்ந்த இடத்தையே குத்திப் பார்த்துவிட்டு, இருபதுக்கு ஆறு என்று மதிப்பெண் போட்டு எண்பது வயதுக்காரர் கையில் கொடுப்பது கொடுமை.

'மாயவித்தைக்காரர் ஹூடினி எந்த நாளில் இறந்தார்?' என்பது எல்லாத் தாளிலும் வரும் கேள்வி. 1926 அக்டோபர் 31, டெட்ராய்ட். தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் இல்லை. அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: அவர் இறந்தபின் மனைவி பெஸ், கணவரின் ஆவி வந்து பேசுமா என்று பத்து ஆண்டுகள் காத்திருந்தார். 1936 ஹாலோவீன் இரவில் ஹாலிவுட்டில் ஒரு ஹோட்டல் மாடியில் கடைசியாக முயன்றுவிட்டு, போதும் என்று நிறுத்திக்கொண்டார். 'நீங்களாக இருந்தால் எத்தனை வருடம் காத்திருப்பீர்கள்?' என்று கேளுங்கள். துணையை இழந்தவர்கள் நிறைந்த அறையில் அந்தக் கேள்விக்கு வரும் பதில்களை எந்தத் தாளாலும் வாங்க முடியாது. யோசித்து, சொல் தேடி, அடுத்தவர் சொன்னதை மறுத்து, ஒரு மணி நேரம் பேசுவார்கள். எனக்குத் தெரிந்த மூளைப் பயிற்சி அதுதான்.

எங்களிடம் இருப்பவர்களில் பலர் இந்தப் பண்டிகையின் வரலாற்றுக்குள்ளேயே வாழ்ந்தவர்கள். இரண்டாம் உலகப் போரின்போதும் அது முடிந்த பிறகும், 1942 முதல் 1947 வரை, கனடாவில் சர்க்கரை பங்கீட்டில்தான் கிடைத்தது. அப்போது சிறுபிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று எங்கள் சாப்பாட்டு மேசையில் இருக்கிறார்கள். மிட்டாய் இல்லாத ஹாலோவீனுக்கு வீடுகளில் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டால் ஒருவர் ஆப்பிள் என்பார், ஒருவர் வீட்டில் செய்த ஃபட்ஜ் என்ற இனிப்பு என்பார். கதவைத் தட்டி என்ன கூவினீர்கள் என்று கேட்டால் அறையே இரண்டாகப் பிரிந்துவிடும். இங்கே ஒன்டாரியோ மாகாணத்துக்காரர்கள் 'ஷெல் அவுட்!' (எடுத்துக் கொடுங்கள்!) என்பார்கள், மேற்கு மாகாணங்களில் வளர்ந்தவர்கள் 'ஹாலோவீன் ஆப்பிள்ஸ்!' என்று அந்த இராகத்தோடேயே கூவிக் காட்டுவார்கள். பத்து வயதிலிருந்து முப்பது வயதுவரை நடந்தவைதான் முதுமையில் மிக அதிகமாக நினைவுக்கு வருகின்றன என்பது ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். 1963லேயே ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர், முதியவர்கள் பழசைப் பேசுவது புத்தி மங்கியதன் அடையாளம் இல்லை, அந்த வயது இயல்பாகச் செய்கிற வேலை என்று எழுதினார்.

அப்புறம், கைக்கும் மூக்கிற்கும் வேலை கொடுங்கள். பூசணிக்கு முன்னால் அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைத்தான் குடைந்து விளக்கு வைத்தார்கள். அங்கிருந்து அமெரிக்கா போனவர்களுக்குப் பூசணி கிடைத்தது, பெரிதாகவும் இருந்தது, குடையவும் சுலபம். டர்னிப்பை மேசையில் வைத்து ஒரு கரண்டியும் கொடுத்துப் பாருங்கள், விரல் பலத்துக்கு அது போதும். பார்ம்பிராக் என்ற ஐரிஷ் பழ ரொட்டி இன்னும் அருமை. அதற்குள் மோதிரம் கிடைத்தால் கல்யாணம், காசு கிடைத்தால் செல்வம், கந்தல் துணி கிடைத்தால் வறுமை, பட்டாணி கிடைத்தால் இந்த வருடம் கல்யாணம் இல்லை. விழுங்கிவிடும் ஆபத்து இருப்பதால் நாங்கள் பொருட்களைத் தனியே ஒரு பைக்குள் போட்டுத் தடவி எடுக்க வைக்கிறோம். ரொட்டியின் மசாலா மணம் மட்டும் அறை முழுக்கப் பரவும்.

அலங்காரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எலும்புக்கூடு, பொய்க் கல்லறை, தொங்கும் சிலந்தி எல்லாம் வாசலில் வைக்கக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். லூயி பாடி என்ற வகை மறதி நோய் உள்ளவர்களுக்கு இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவது வழக்கம். அவர்கள் நடந்துபோகும் தாழ்வாரத்தில் சிலந்தியைத் தொங்கவிடலாமா? பக்கத்து அறையில் போன வாரம் ஒருவர் இறந்திருக்கும்போது பிளாஸ்டிக் கல்லறை எதற்கு? இலை, ஆப்பிள், பூசணி போதும். முகமூடியை எடுத்துவிட்டுப் பிள்ளைகளை உள்ளே அனுப்புங்கள், பெரியவர்கள் கையாலேயே மிட்டாய் கொடுக்கட்டும்.

இல்லத்தில் எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஓர் அம்மம்மாவிடம் ஹாலோவீன் வினாத்தாளைக் கொடுத்தால் அவருக்கு அது பரீட்சை, அதுவும் படிக்காத பாடத்தில் பரீட்சை. அதே வாரத்தில், நவம்பர் 2ஆம் தேதி, கல்லறைத் திருநாள் வருகிறது. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவரானால் மெழுகுவர்த்தி, பூ, யார் யார் கல்லறைக்குப் போனீர்கள் என்று கேட்கலாம். சைவரானால் ஆடி அமாவாசை விரதத்தைப் பற்றியும், முனி நிற்கும் புளியமரத்தைப் பற்றியும் கேட்கலாம். பேய்க்கதை சொல்லத் தெரியாத அம்மம்மா யாராவது இருக்கிறார்களா? சிலருக்குப் போரின் நினைவுகளும் கூடவே எழும். அப்போது கையைப் பிடித்துக்கொண்டு பேச்சை நிறுத்தத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் அப்பாவோ அம்மாவோ இப்படி ஓர் இல்லத்தில் இருந்தால் எனக்கு ஒரு வேண்டுகோள். அவர்கள் சின்ன வயதில் எந்த ஊரில் இருந்தார்கள், எந்தப் பண்டிகைக்கு என்ன சமைத்தார்கள், எதற்குப் பயந்தார்கள், எந்தப் பாட்டைப் பாடுவார்கள், எதைப் பேசினால் மனம் நோவார்கள் என்று ஒரு பக்கம் எழுதி, ஆங்கிலத்திலும் எழுதி, என்னைப் போல அங்கே வேலை செய்கிறவர்களிடம் கொடுங்கள். முதல் நாள் எங்களுக்குக் கிடைக்கும் படிவத்தில் மருந்துகளின் பட்டியல் இருக்கும், ஒவ்வாமை இருக்கும், இவை எதுவும் இருக்காது.