டத்தோ இல்லாத கருத்தரங்கு

மாணவர்களே நடத்தும் கருத்தரங்கு என்றதும் நம்மில் பலருக்குக் கல்லூரி விழா ஞாபகம்தான் வரும். பலூன், பேனர், மைக் பிடிக்க வாயாடிப் பையன் ஒருத்தன். நான் எழுத வந்தது வேறு. மருந்து வேதியியல் படிக்கிற முதுகலை, பிஎச்டி பிள்ளைகள் தாங்களே தேதி குறித்து, மண்டபம் பிடித்து, யார் பேசுவது என்று தேர்ந்தெடுத்து, சுற்றுவட்டாரப் பல்கலைக்கழக மாணவர்களையும் கூப்பிட்டு நடத்துகிற ஆய்வுக் கூட்டம். போன மாதம் எங்கள் பினாங்கில் அப்படி ஒன்று நடந்தது. நடத்தியவர்களில் என் அக்கா மகளும் ஒருத்தி, ஆகவே கொஞ்சம் சொந்தப் பாசம் கலந்திருக்கும். கழித்துக்கொண்டு படியுங்கள். என் கட்சி ஒன்றுதான்: இந்த மாதிரிக் கூட்டங்களைப் பிள்ளைகள் கையிலேயே விட்டுவிடுங்கள். பெரியவர்கள் முடிந்தால் பணம் கொடுத்துவிட்டுப் பின்வரிசையில் உட்காரலாம்.

பட்டர்வர்த்தில் பார்மசி வைத்திருக்கிறேன். அட்டையில் வருகிற மாத்திரையை எடுத்துக் கொடுத்து, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று சொல்வது என் வேலை. அந்த மாத்திரைக்குள் இருக்கும் மூலக்கூறை உருவாக்குவது இவர்கள் படிக்கிற படிப்பு. ஒரு மூலக்கூறு லேசாக வேலை செய்கிறது என்று தெரிந்தால் அதன் ஒரு ஓரத்தில் குளோரினை வைத்துப் பார்ப்பார்கள். பிறகு அதை எடுத்துவிட்டு மீத்தைல். வீரியம் கூடினால் தண்ணீரில் கரையாது. கரைய வைத்தால் கல்லீரல் அரை மணி நேரத்தில் உடைத்துப் போட்டுவிடும். பெரும்பாலும் தோல்விதான், அதுதான் அந்தத் துறையின் தினசரி வாழ்க்கை. ஆனால் பெரிய மாநாடுகளில் நின்று பேசுபவர்களைக் கேட்டால் உலகத்தில் யாருக்குமே எதுவும் தோற்றதில்லை என்று தோன்றும்.

அமெரிக்காவில் மிக்கி என்று ஒரு கூட்டம் பல வருடமாக நடக்கிறது. மினசோட்டா, அயோவா, கான்சஸ், இல்லினாய் என்று நான்கு மாநிலங்களின் ஆங்கில முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர். அந்த நான்கு ஊர்ப் பல்கலைக்கழகங்களின் மருந்து வேதியியல் மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வருடமும் ஒரு ஊரில் நடத்துகிறார்கள். பேச்சும் அவர்களுடையது, ஏற்பாடும் அவர்களுடையது. அக்கா மகள் இதைப் பற்றிச் சொன்னபோது எனக்கு முதலில் பெரிதாகத் தெரியவில்லை. அப்புறம் வரைபடத்தை மனதில் வைத்துப் பார்த்தேன். எங்களுக்கும் நான்கு மூலை இருக்கிறதே! கெலுகோரில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். நாட்டின் முதல் மருந்தியல் படிப்பு 1972-இல் அங்கேதான் தொடங்கியது. பாலம் தாண்டி வடக்கே போனால் கெடாவின் பீடோங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம். எல்லை தாண்டினால் தாய்லாந்தின் ஹாட்யாயில் பிரின்ஸ் ஆஃப் சொங்க்லா பல்கலைக்கழகம். கடல் தாண்டினால் இந்தோனேசியாவின் மேடானில் வட சுமத்ரா பல்கலைக்கழகம். நான்கிலும் மருந்தியல் புலம் உண்டு. மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து மூன்றும் சேர்ந்து 1993-இல் வளர்ச்சி முக்கோணம் என்று ஒன்றை ஆரம்பித்தார்களே, அந்தப் பெயரில் இந்த வட்டாரப் பல்கலைக்கழகங்கள் கூடி விளையாட்டுப் போட்டிகூட நடத்துகின்றன. பந்து உதைக்கக் கூடுகிறவர்கள் குடுவையைப் பற்றிப் பேசக் கூடினால் என்ன?

பக்கத்து ஊர் என்பதில் செலவு மிச்சம் மட்டும் இல்லை. அன்று மாணவர்கள் தங்கள் ஆய்வை விளக்கிப் போஸ்டர் மாட்டியிருந்த வராந்தாவில் ஒரு மணி நேரம் நின்றபோதுதான் எனக்கே அது புரிந்தது.

கெடாவிலிருந்து வந்த பையன் ஒருத்தனின் போஸ்டர். கிரிக்னார்ட் வினை ஒன்று அவனுக்குக் கைகூடவே இல்லை. மக்னீசியம் சீவலும் ஈதர் வகைக் கரைப்பானும் சேர்த்துச் செய்கிற வினை. துளி ஈரம் இருந்தாலும் படுத்துவிடும். போஸ்டரின் கடைசிக் கட்டத்தில் கொட்டை எழுத்தில் ‘இன்னும் வரவில்லை’ என்று போட்டிருந்தான், அந்தத் தைரியமே எனக்குப் பிடித்துப்போனது. அயோடின் துணுக்கு போட்டுப் பார்த்தாயா, சீவலைச் சூடாக்கினாயா என்று வந்தவர்கள் எல்லாரும் பாடப்புத்தகக் கேள்வியாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். ஹாட்யாயிலிருந்து வந்த ஒரு பெண் மட்டும் கொஞ்ச நேரம் படித்துவிட்டு, “உங்கள் லேபில் ராத்திரி ஏர்கோனை அடைத்துவிடுவார்களா?” என்று கேட்டாள். அவன் திருதிருவென்று விழித்தான். ஆமாம், மின்சாரச் செலவைக் குறைக்க சாயங்காலமே ஏசியை அடைத்துவிடுகிறார்களாம். அவள் லேபிலும் அதே கதைதானாம். ஏர்கோன் நின்ற பிறகு நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரம் முழுக்க மூடி சரியில்லாத டப்பாக்களுக்குள் இறங்கிவிடும். கரைப்பானை உலர்த்தப் போடுகிற சல்லடை மணிகள்தான் முதலில் அதைக் குடிக்கும். காலையில் வந்து பார்த்தால் மணி மணியாகத்தான் இருக்கும், உலர்த்தும் சக்தி மட்டும் போயிருக்கும். 300 டிகிரியில் இரவு முழுக்கச் சுட்டு, ஆறவிடும்போது ஈரக்காற்று படாமல் பார்த்து, நேரே கரைப்பான் போத்தலில் போடு என்று சொல்லி, தன் கைப்பேசியில் அடுப்பின் படத்தையும் காட்டினாள்.

மினசோட்டாவில் குளிர்காலத்தில் எழுதிய செய்முறையில் இந்த வரி இருக்காது. அங்கே இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒரே மழையில் நனைகிறவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி கேட்கத் தோன்றும். சூப்பர்வைசருக்குத் தெரியாதா என்றால் தெரிந்திருக்கலாம். அவர் கையால் குடுவை தொட்டுப் பல வருடம் ஆகியிருக்கும். இன்றைக்கு லேபில் நிற்கிறவளுக்குத்தான் ஏர்கோன் எத்தனை மணிக்கு நிற்கிறது என்று தெரியும்.

இந்தக் கூட்டத்துக்கு வந்த எதிர்ப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அனுமதி வாங்கப் போன இடத்தில் ஓர் அதிகாரி கேட்ட முதல் கேள்வி, திறப்புவிழாவுக்கு யார் வருகிறார்கள் என்பது. யாரும் இல்லை என்றதும் அவருக்கு மனசே கேட்கவில்லை. டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் யாரும் இல்லாமல் ஸ்பான்சர் எப்படி வரும், பத்திரிகையில் எப்படி வரும் என்று அக்கறையாகத்தான் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து அக்கா மகள் சொன்னாள்: “சித்தி, டத்தோ வந்தா அவருக்குக் காத்திருக்க அரை மணி, அவர் பேச அரை மணி, போட்டோவுக்கு அரை மணி போயிடும்லா. அந்த நேரத்துல ஆறு பேர் பேசிடலாம்.” கணக்கு சரிதான். நானும் எத்தனையோ மேடைகளில் நினைவுப் பரிசு ஏந்தி நின்றிருக்கிறேன். அந்தக் கண்ணாடிக் கேடயங்கள் இன்னமும் அலமாரியில் இடத்தை அடைத்துக்கொண்டு இருக்கின்றன.

இன்னொரு விதியும் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பேச்சுக்குப் பிறகும் முதல் மூன்று கேள்வி மாணவர்களுடையது, அதற்குப் பிறகுதான் பேராசிரியர்கள். மூத்த பேராசிரியர் ஒருவர் வழக்கம்போல எழுந்து, “இது கேள்வியில்லை, ஒரு சின்னக் கருத்து” என்று ஆரம்பித்தார். தலைமையில் இருந்த பெண் ரொம்ப மரியாதையாக, “ப்ரோப், இன்னும் இரண்டு மாணவர் கேள்வி பாக்கி இருக்கு” என்றாள். அரங்கமே கப்சிப். அவரும் நல்ல மனுஷர், சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். கேள்வி கேட்க ஆளே இல்லாமல் சில நொடி அமைதி. அப்புறம் யாரோ கை தூக்கினார்கள். அந்தச் சில நொடி அமைதியைப் பெரியவர்களால் பொறுக்க முடிவதில்லை, உடனே புகுந்து நிரப்பிவிடுகிறோம். பிள்ளைகள் கேள்வி கேட்பதே இல்லை என்று குறை வேறு.

குழறுபடியே இல்லை என்று சொன்னால் அது பொய். காலை அமர்வு இழுத்துக்கொண்டே போனது. புரொஜெக்டர் ஒருமுறை நின்றது. நாசி கண்டார் அசைவச் சோற்றுப் பொட்டலம் மிஞ்சியது, சைவப் பொட்டலம் பற்றவில்லை. (யாருக்கு எத்தனை என்று எண்ணியவள் யார் என்று நான் விசாரிக்கவில்லை.) அதனாலென்ன? கோலாலம்பூர் ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் நடக்கும் ‘சர்வதேச’ மாநாடுகளுக்கு வாரம் ஒரு அழைப்பு எனக்கே மின்னஞ்சலில் வருகிறது. பார்மசி கடைக்காரிக்கு! கட்டணம் கட்டினால் போதும், பேச்சாளர் பட்டியலில் பெயர் வந்துவிடும். போனவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்: பேசிவிட்டு இறங்கினால் கேட்க ஆள் இல்லை, எல்லாரும் தங்கள் சான்றிதழுக்குக் காத்திருப்பார்களாம். அங்கே அழுகிற பணத்தில் ஹாட்யாய்க்கு வேன் பிடித்து ஒரு லேபே போய்வரலாம்.

மருந்து வேதியியலில் நாம் எங்கே நிற்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி கிருமிக்கான மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். சோஃபோஸ்புவிர் 2013 கடைசியில் அமெரிக்காவில் வந்தபோது மாத்திரை ஒன்று 1,000 டாலர், 12 வாரச் சிகிச்சைக்கு 84,000 டாலர். 2017-இல் மலேசிய அரசு காப்புரிமைக்காரரின் சம்மதத்துக்குக் காத்திராமல் அரசுப் பயன்பாட்டு உரிமையை எடுத்து மலிவு மாத்திரைக்கு வழி செய்தது. உலகமே திரும்பிப் பார்த்த காரியம் அது. கூடவே ராவிடாஸ்விர் என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்துக் கொடுக்கும் சோதனை மலேசியாவிலும் தாய்லாந்திலும் 301 நோயாளிகளிடம் நடந்தது. 97 விழுக்காட்டினர் குணமானார்கள். 2021-இல் அந்த மருந்தை முதலில் பதிவு செய்த நாடு மலேசியா. இரண்டு நாட்டு டாக்டர்களும் எல்லை பார்க்காமல் சேர்ந்து செய்த வேலை. பெருமைப்படலாம், நானும் படுகிறேன். ஆனால் ராவிடாஸ்விர் மூலக்கூறு பிறந்தது கலிபோர்னியாவில். மாத்திரையாகத் தயாரித்தது எகிப்து நிறுவனம்.

இதைவிட மனசைக் குடைவது சரவாக் மரத்தின் கதை. 1987-இல் லுண்டு பக்கத்தில் ஒரு பிந்தாங்கோர் மரத்தில் இலையும் சுள்ளியும் எடுத்துப் போனார்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் அதிலிருந்து எச்ஐவியைத் தடுக்கிற கலனோலைட் ஏ கிடைத்தது. இன்னும் கொஞ்சம் எடுக்கலாம் என்று திரும்பி வந்து பார்த்தால் மரம் வெட்டப்பட்டிருந்தது. அந்த மூலக்கூறு கடைசிவரை மருந்தாகக் கடைக்கு வரவில்லை, அது தனிக் கதை. மரம் நம்முடையது, அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்த கண் வேறு ஊர்க்கண். அந்தக் கண் இங்கேயும் வேண்டுமென்றால் இருபத்தைந்து வயதில் இவர்கள் ஒருவருக்கொருவர் அறிமுகமாக வேண்டும். ஐம்பது வயதில் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டுக் கைகுலுக்கும்போது அறிமுகமாகிப் பிரயோசனம் குறைவு.

தோல்வியைச் சபையில் சொல்லலாம் என்பதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் பட்டது. கடைக்கு வருகிற நம்மவர்கள் மஞ்சள் காமாலை என்றாலே கீழாநெல்லி கேட்பார்கள். மலாய்க்காரர்களும் டூக்கோங் ஆனாக் என்று அதையேதான் கேட்பார்கள். 1988-இல் சென்னையில் தியாகராஜன் குழுவினர் ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமக்கிறவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். அந்தக் கிருமியைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய புளூம்பெர்க்கும் அந்தக் கட்டுரையில் இருந்தார். பிறகு வேறு ஊர்களில் செய்தவர்களுக்கு அந்த முடிவு வரவில்லை. செடி வேறா, மண் வேறா, மருந்தே அவ்வளவுதானா என்று வாதம் நடந்தது. முதல் செய்தி நம் பாட்டிமார் வரை வந்து சேர்ந்துவிட்டது, இரண்டாவது செய்தி என் கடை வாசலுக்கே வரவில்லை. நானே தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். இன்றைக்கும் கல்லாவில் நின்று அதை விளக்கினால், விற்கத் தெரியாதவள் என்று பார்க்கிறார்கள். ‘இன்னும் வரவில்லை’ என்று போஸ்டரில் எழுதப் பழகிய பிள்ளைகள் நாளைக்குச் செடியைப் பற்றியும் அதே நேர்மையோடு எழுதுவார்கள் என்று நம்புகிறேன்.

நம் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அன்று பேசியவர்களில் சிலர் தமிழ்ப்பள்ளியில் படித்து வந்தவர்கள். ஆங்கிலம் தடுமாறும் என்ற பயத்திலேயே பெரிய மேடைகளில் வாய் திறக்காமல் இருந்தவர்கள். மேடானிலிருந்து வந்த பெண்ணோடு அவர்களில் ஒருத்தி பாதி மலாய், பாதி ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள். அவள் இந்தோனேசிய மொழியில் பதில் சொன்னாள், இருவருக்கும் எல்லாம் புரிந்தது. இடையில் மேடானில் கம்போங் மெட்ராஸ் என்று ஒரு பகுதியே இருப்பது தெரிந்து, பேச்சு வேதியியலை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டது. போகட்டும், அதற்கும்தானே வந்தார்கள்.

“இதையெல்லாம் செய்தால் ஆய்வு யார் செய்வது?” என்று கேட்கும் சூப்பர்வைசர்களுக்கு: ஏற்பாட்டு வேலையில் அந்தப் பெண்களுக்குச் சில வாரம் லேப் நேரம் போனது உண்மைதான். திரும்பி வந்தபோது கிரிக்னார்ட் எப்படி ஓட்டுவது என்று கேட்க மூன்று ஊர் ஆட்களின் எண் அவர்கள் கைப்பேசியில் இருந்தது. நீங்கள் எந்தக் கணக்கில் நஷ்டம் என்கிறீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வருடம் ஹாட்யாய் மாணவர்கள் நடத்துவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்கள். பினாங்கிலிருந்து வேனில் நாலு மணி நேரம், புக்கிட் காயு ஹீத்தாம் எல்லைச் சாவடியில் வரிசை நீளமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். இங்கிருந்து ஒரு வேன் அனுப்ப நினைக்கிறோம். வாடகையில் பாதி என் கடைக் கணக்கில். மீதிப் பாதிக்கு யாராவது தோள் கொடுப்பதானால் இன்பாக்ஸில் வாருங்கள். பேனரில் உங்கள் பெயர் வராது, பேனரே இருக்காது.