எண்டார்பின் அப்படியெல்லாம் நின்றுவிடாது

அக்கா, மாதவிடாய் நின்றதும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனோடு, மூளையில் வலியைத் தணிக்கும் எண்டார்பினும் நின்றுவிடும், ஹார்மோன் மாத்திரை போட்டால் மூட்டுவலி பறந்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸில், பீட்டா எண்டார்பின் என்ற வகையைச் சுரக்கும் நியூரான்கள் (நரம்பணுக்கள்) சிலவற்றில் ஈஸ்ட்ரோஜன் வந்து ஒட்டும் ஏற்பிகள் இருப்பது உண்மை. ஈஸ்ட்ரோஜன் கூடியிருக்கும்போது பெண்களின் மூளை வலிக்கு எதிராகத் தன் ஓபியாய்டுகளை (எண்டார்பின் போன்ற வலிதணிப்பிகளை) அதிகம் இறக்குகிறது என்று 2006-இல் ஓர் ஆய்வும் வந்தது. ஆனால் இது சுவிட்ச் இல்லை, கூட்டிக் குறைக்கிற திருகு. ஆண்களுக்கும் எண்டார்பின் சுரக்கிறதே!

அப்புறம், அதே ஹைபோதலாமஸில் கிஸ்பெப்டின், நியூரோகைனின் பி, டைனார்பின் என்ற மூன்று வேதிப்பொருள்களையும் சுரக்கும் நியூரான்கள் உண்டு. டைனார்பினும் ஓபியாய்டுதான், இங்கே அதன் வேலை இந்த நியூரான்களுக்கு பிரேக் போடுவது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் நியூரோகைனின் ஏறி, டைனார்பின் இறங்கி, இந்த நியூரான்கள் பருத்துப்போகின்றன. கடலூர் முதுநகரில் என் பெரியம்மா மார்கழி விடியலில், ஊரே போர்த்திக்கொண்டு கிடக்க, திண்ணையில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொள்வார். மாதவிடாய் நிற்கும் காலத்தில் வரும் அந்தக் குப்பென்ற சூட்டுக்கு இந்த நியூரான்களின் ஆட்டம் முக்கியக் காரணம். 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, இந்தச் சூட்டுக்கான ஃபெசோலினெட்டன்ட் என்ற மருந்து நியூரோகைனின் ஏற்பியைத்தான் தடுக்கிறது, அது ஹார்மோனே இல்லை.

மூட்டுவலிக்கு முதலில் மூட்டைக் காட்டுங்கள். மார்பகப் புற்றுநோயோ ரத்தக்கட்டோ வந்தவர்கள் உங்கள் பதிவைப் பார்த்துக் கடையில் தங்களுக்கு ஆகாத ஹார்மோன் மாத்திரையைக் கேட்டுவிடப் போகிறார்கள், அந்த மாத்திரை வரியை மட்டுமாவது எடுத்துவிடுங்கள்.