"வலைதான் இருக்கே"ன்னு சிரிச்சவங்களுக்கு

அந்த ஏழு நொடி வீடியோவைப் பத்தித்தாங்க. சர்க்கஸ்ல அந்தரத்துல ஆடற பார்லேர்ந்து கை நழுவி ஒரு பொண்ணு வலையில விழுது, வீடியோவுக்குக் கீழ வரிசையா சிரிப்பு பொம்மை. "வலைதான் இருக்கே, அப்புறம் என்ன?"ன்னு எழுதினதுல பாதிப்பேரு நம்ம பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைக்காரங்க. அதுதான் உறுத்துது.

வலை மெத்தை இல்லீங்க. காலை ஊனி விழுந்தா கணுக்கால் போச்சு. குப்புற விழுந்தா முடிச்சு மூஞ்சியை உரிச்சுடும். தாடையை நெஞ்சோட ஒட்டி, முதுகு முழுக்கப் படியற மாதிரி விழணும். கீழ வந்து சேர ஒரு நொடி சொச்சம்தான். அதுக்குள்ள உடம்பைத் திருப்பியாகணும்.

அந்த வலையும் சும்மா நிக்கறதில்ல. ரொம்ப இறுக்கினா ஆளைத் தூக்கி வெளிய எறியும், தொளதொளன்னு விட்டா தரை தட்டும். பருத்திக் கயிறு நனைஞ்சா சுருங்கும், காஞ்சா தளரும். அதை இழுத்துப் பிடிக்கிறது தரையில வெளிப்பக்கம் தலை சாய்ச்சு அடிச்ச முளை. நம்ம சித்தூர்க் கரிசல் ஒரு மழைக்கு என்ன ஆகும்னு நிலக்கடலை போட்டவங்களுக்குத் தெரியாதா? ஊறினா முளை பிடியை விட்டுடும். அதனால ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாடியும் ஒவ்வொரு முளையையும் தட்டிப் பார்க்கணும். 'டண்'ணுன்னா சரி, 'பொத்'துன்னா பிடுங்கி வேற இடத்துல அடி.

"பழைய இரும்பு லாரி"ன்னு இன்னொரு அறிவாளி. கோபாலபுரம் தாண்டி வர்ற அந்த சர்க்கஸ் லாரி வரிசையில எது எங்க இருக்குன்னு கணக்கு உண்டுங்க. கூடாரம் பிரிக்கும்போது கடைசியாக் கழட்டுறது முளையும் கம்பமும், அது கதவோரம். முதல்ல கழட்டுற கேலரிப் பலகை உள்ளாற. அடுத்த ஊர்ல முதல்ல வேணுங்கறது முதல்ல இறங்கும். முளை லாரி ஒண்ணு வழியில பஞ்சர்னா மொத்த சர்க்கஸும் மைதானத்துல கைகட்டி நிக்கணும்.

இப்ப வருவீங்க, "மிருகத்தை வதைச்சாங்களே"ன்னு. வதைச்சாங்க, மறுக்கல. 1998-லயே புலி, சிங்கம், சிறுத்தை, கரடி, குரங்குக்குத் தடை வந்தாச்சு, 2001-ல சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி பண்ணிடுச்சு. சரிதான். ஆனா இந்த வீடியோல எங்கங்க புலி? இருந்தது மனுஷி. 1901-ல தலச்சேரி சிறக்கரையில கீலேரி குஞ்ஞிக்கண்ணன் பள்ளிக்கூடம் வெச்சு சொல்லிக் கொடுத்த வித்தை இது. அங்க பேரு பெருமை, இங்க ரீல்ஸுக்கு சிரிப்பு. நல்லாருக்கு.

"விழறதுக்கும் சேர்த்துத்தானே சம்பளம்"னு ஒருத்தர். அவருக்குப் பதில் இல்ல.

வீடியோவை ஏழு நொடியா வெட்டிப் போட்ட புண்ணியவானுக்கு ஒண்ணு. விழுந்தவங்க உடனே எழுந்திருக்க மாட்டாங்க. உருண்டு ஓரத்துக்கு வந்து, ஓரக்கயிறைப் பிடிச்சு, குட்டிக்கரணமாத் தரையில இறங்குவாங்க. பல பேரு நேரா ஏணிக்குத்தான் போவாங்க, விட்ட இடத்துலேர்ந்து திரும்பப் பண்ண. உங்ககிட்ட எட்டாவது நொடி இருந்தா போடுங்க, பார்க்கலாம்.