அகத்தியர்கூடம்: நாளுக்கு நூறு பேர் போதும்

கேரள–தமிழக எல்லையில் மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளில் ஒன்றான அகத்தியர்கூடம் ஏற அனுமதி கிடைக்கவில்லை என்று நண்பர்கள் சிலர் இந்த ஆண்டும் குமுறுகிறார்கள். ஜனவரியில் தொடங்கும் பருவத்தில் கேரள வனத்துறை நாளொன்றுக்கு 100 பேர் அளவில்தான் விடுகிறது. பதிவு திறந்த சற்று நேரத்தில் எல்லாம் தீர்ந்துவிடும். இரண்டு முறை கோட்டைவிட்டு மூன்றாம் முறைதான் நானும் போனேன். திரும்பி வந்தபின், அந்த எண்ணிக்கையில் ஒன்றைக்கூடக் கூட்டக் கூடாது என்றே சொல்வேன். தனக்குக் கிடைத்துவிட்ட தைரியத்தில் பேசுகிறான் என்று தோன்றினால், தோன்றட்டும்.

போனக்காட்டுச் சாவடியில் பையைத் துழாவிப் பார்த்துத்தான் விடுகிறார்கள். அங்கிருந்து அதிருமலை முகாமுக்கு முழுப் பகல் நடை. ஓடைகள் வரை நிழல், பிறகு புல்வெளியும் உச்சி வெயிலும். எனக்கு மூச்சு வாங்கியது. இந்த மலையின் பழங்குடியினரான காணிகளில் ஒருவர் வழிகாட்டியாக உடன் வந்தார். அந்தக் காணிக்காரருக்கு வியர்க்கக்கூட இல்லை. இப்படிக் களைப்பறியாமல் நடந்த காணிகள் வழியில் தின்ற காயைப் பற்றி ஆய்வாளர்கள் 1987இல் கேட்டறிந்ததால்தான் ஆரோக்கியப் பச்சை என்ற மூலிகை வெளியுலகுக்குத் தெரிந்தது.

மறுநாள் 1,868 மீட்டர் உச்சிக்கு ஏறும்போது, ஈற்றை என்னும் நாணல் மூங்கில் காடு முடிந்து வெறும் பாறை தொடங்குகிறது. கடைசிச் சரிவுகளில் கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். எனக்கு முன்னால் ஏழு பேர் நின்றார்கள். மேகம் இறங்கிப் பாறை நனைந்ததும், "ஒருத்தர் மேல போய்ச் சேர்ற வரைக்கும் அடுத்தவர் கயித்தத் தொடாதீங்க" என்றார் காணிக்காரர். காத்திருந்த நேரத்தில் காலடியைப் பார்த்தேன்: ஏறியவர்களின் செருப்பு அரைத்து மண் போய், குட்டை மரமொன்றின் வேர்கள் விரல்களைப் போல வெளியே கிடந்தன. நாளுக்கு நூறு பேர் ஏறியதற்கே இந்தக் கதி.

தமிழ் முனிவரின் பொதிகை என்று உரிமை கொண்டாடும் நாம், தாமிரபரணி பிறப்பதும் இம்மலைத்தொடரில்தான் என்பதை மறந்துவிடுகிறோம். சோலையும் புல்லும் மழையைப் பிடித்துவைத்துக் கசியவிடும் தண்ணீரைத்தான் நெல்லையும் தூத்துக்குடியும் குடிக்கின்றன.

முன்பு இருந்த வரம்புகளில் ஒன்றை மட்டும், பெண்கள் உச்சிக்கு ஏறக் கூடாது என்பதை, என்னால் ஏற்க முடிந்ததில்லை. 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே, 2019 பருவத்தில் பெண்களும் உச்சிவரை செல்ல முடிந்தது. உச்சியைப் புனிதமாகக் கருதிப் பெண்கள் ஏறுவதை எதிர்த்த காணி மக்களின் மனத்தாங்கலை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் அந்த வேரை மிதித்த கால் ஆணுடையதா பெண்ணுடையதா என்று மரத்துக்குத் தெரியப்போவதில்லை, எத்தனை கால்கள் என்பதுதான் அதற்குக் கணக்கு. என் மனைவி அடுத்த பருவத்துக்குப் பதிவு செய்யக் காத்திருக்கிறாள். கிடைக்காவிட்டால் அதற்கடுத்த பருவத்துக்கு.