காடு வரவில்லை ஐயா, எங்களைத்தான் விரட்டினார்கள்

அந்த ட்ரோன் வீடியோவை இனிமேல் யாரும் எனக்கு அனுப்பாதீர்கள். பார்த்துவிட்டேன். மலேசியாவில் நாங்கள் வாழ்ந்த பழைய ரப்பர் தோட்டம், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த இடிந்த லயத்து வீடு, கூரையைப் பிளந்துகொண்டு வளர்ந்த மரம், பின்னால் புல்லாங்குழல், "மனிதன் போனான், இயற்கை தன் நிலத்தை மீட்டது" என்று ஒரு வரி. சரி, வீடியோவைக்கூட விட்டுவிடுகிறேன். கோயிலைச் சுற்றிப் புதர் வெட்டிய எங்கள் ஆட்களைப் பார்த்து "இன்னும் எதற்கு அங்கே போய் இயற்கையைத் தொந்தரவு செய்கிறீர்கள்" என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறாரே, அதுதான் ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

மனிதன் எங்கே போனான்? விரட்டினார்கள். தோட்டத்தில் வேலை இருக்கிற வரைக்கும்தான் வீடு. தோட்டம் கை மாறியது, வேலை போனது, அதோடு வீடும் போனது. 1970-இல் இந்த நாட்டில் நூற்றுக்கு 28 பேர்தான் நகரத்தில் இருந்தார்கள், 2020 கணக்கெடுப்பில் 75 பேர். பட்டர்வொர்த் நகரத்து அடுக்குமாடிக்குச் சட்டி பானையோடு வந்து சேர்ந்த எங்கள் குடும்பமும் அதில் சேர்த்தி. ஆசைப்பட்டா வந்தோம்?

அப்புறம், அங்கே வந்திருப்பது காடா? மேலிருந்து பார்த்தால் எல்லாம் பச்சைதான், கீழே இறங்கிப் பாருங்கள். வெட்டவெளியில் லாலான் புல், சரிவில் ரேசாம் பெரணி, எல்லாவற்றையும் மூடிக்கொண்டு மைக்கானியா கொடி. அந்தக் கொடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. பால் மரம் என்கிற ரப்பர் மரமும் பிரேசில் மரம்தான், 1877-இல் கன்றாக இந்தப் பக்கம் வந்தது. லாலானில் தீப்பிடித்தால் மேலே கருகும், மண்ணுக்குள் இருக்கும் தண்டு உயிரோடு கிடந்து அடுத்த மழைக்கே முளைக்கும். நடுவில் தலைதூக்கிய மரக்கன்றுகள்தான் செத்துப்போகும். இதையா நிலத்தை மீட்டது என்கிறீர்கள்?

அம்மா பாலுக்காகச் சீவிய நிரையில் சில மரங்கள் இன்னும் நிற்கின்றன. பால் பிடிக்கும் கிண்ணமான மங்கைக் கட்டிய கம்பியைப் பட்டை விழுங்கிவிட்டது, மங்கு மட்டும் மரத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதில் தேங்கிய மழைத்தண்ணீரில் கொசுப்புழு நெளிகிறது. பால் எடுத்து முடித்ததும் ஒவ்வொரு மங்கையும் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் அம்மா அடுத்த மரத்துக்குப் போவார்.

"காடு வளரவே கூடாதா" என்று கேட்பீர்கள். நன்றாக வளரட்டும். பக்கத்தில் பழைய காடு இருந்து, பறவையும் வௌவாலும் விதை கொண்டுவந்து போட்டு, தீயும் வராமல் இருந்தால் இருபது வருஷத்தில் நல்ல இளங்காடே எழும். எங்கள் தோட்டத்துக்கு மூன்று பக்கம் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனைத் தோட்டம், ஒரு பக்கம் நெடுஞ்சாலை. விதை எங்கிருந்து வரும்? காட்டுப்பன்றிதான் வருகிறது. செம்பனைப் பழத்தைத் தின்று பெருகுகிற பன்றி, குட்டி போடக் கூடு கட்டுவதற்கு இளங்கன்றுகளை முறித்துக் குவிக்கும். நெகிரி செம்பிலான் மாநிலத்தில் பாசோ காட்டை ஆராய்ந்தவர்கள், இருபத்துச் சொச்சம் ஆண்டுகளில் அடிமட்டக் கன்றுகள் பாதிக்கு மேல் குறைந்துபோனதைக் கண்டார்கள். காப்புக் காட்டுக்கே இந்தக் கதி.

ஆள் காலியான கிராமங்களில் இயற்கை திரும்பிவிட்டதாம் என்று இன்னொருவர் ஜப்பானைக் காட்டுகிறார். அங்கே போருக்குப் பிறகு வரிசை வரிசையாக நட்ட சுகி என்கிற ஊசியிலை மரத் தோப்புகளைக் கழித்துவிட ஆள் இல்லாமல் அடியில் வெளிச்சமே படுவதில்லை. கிழவர்கள் வயலைப் பார்த்துக்கொண்ட வரைக்கும் அங்கே வாழ்ந்த தவளையும் தும்பியும் அவர்களோடு சேர்ந்தே குறைந்துகொண்டு வருகின்றன. கரடி வீட்டு வாசலுக்கு வருகிறது, 2023-இல் 200 பேருக்கு மேல் தாக்கப்பட்டார்கள். மனிதன் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று யார் சொன்னது?

"தோட்ட வாழ்க்கை என்ன சொர்க்கமா?" எனக்கே சொல்லித்தருகிறீர்களா? விடியுமுன் பெயர் கூப்பிடும் பிரட்டுக்கு ஓடிய ஓட்டமும், மழை நாளில் மரம் நனைந்தால் கூலி இல்லாமல் போனதும் எங்கள் வீட்டுக் கதை. கஷ்டப்பட்ட இடம் என்பதற்காக அது அடையாளம் தெரியாமல் அழிந்துபோகலாமா? அங்கே முதன்முதலில் இருந்த நிஜமான காட்டை வெட்டியதும் எங்கள் பாட்டன்மார் கைதான், துரை சொன்னான், வெட்டினார்கள், காய்ச்சலில் செத்தார்கள். அவர்களைப் புதைத்த மேடு அந்தப் புதருக்குள்தான் இருக்கிறது. வீடியோவின் கடைசியில் அழகாக ஒரு பச்சைக் குன்று வருகிறதே, நீங்கள் இதயம் போட்டீர்களே, அதுதான் அந்த மேடு. என் அப்பாவின் அக்கா, பத்து வயசுகூட நிரம்பாதவர், அங்கே கிடக்கிறார்.

அதனால் ஆடி மாதத்துக்கு முன்னால் மறுபடியும் வெட்டத்தான் போகிறோம். முனியாண்டி கோயிலைச் சுற்றியும் வெட்டுவோம், மேட்டுக்குப் போகிற பாதையையும் வெட்டுவோம். ஆலமரத்தில் யாரும் கை வைக்கப் போவதில்லை. மைக்கானியாவை வேரோடு பிடுங்கிவிட்டு இந்த மண்ணின் காட்டு மரங்களான மெரந்தியும் பெத்தாயும் நடுவோம், மழை இல்லாத வாரத்தில் வந்து தண்ணீரும் ஊற்றுவோம். இது தொந்தரவு என்று நினைக்கிறவர் அன்றைக்கு அங்கே வந்து எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.