அது ரூசோ சொன்னதல்ல

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு நிலைக்கதவுப் படத்தோடு இந்தச் செய்தி சுற்றுகிறது: “மனிதன் பிறவியிலேயே கெட்டவன். அதனால்தான் அரசுக்கு அடங்க ஒப்பந்தம் போட்டான் – ரூசோ.”

தத்துவ அறிஞர் ரூசோ அப்படிச் சொல்லவில்லை. 1762இல் வந்த அவருடைய ‘சமூக ஒப்பந்தம்’ நூலின் முதல் அத்தியாயமே மனிதன் சுதந்திரமாகப் பிறக்கிறான் என்றுதான் தொடங்குகிறது. செய்தியில் அடிப்பது ஆங்கிலத் தத்துவ அறிஞர் தாமஸ் ஹாப்ஸின் வாடை, அதுவும் அரைகுறையாக.

கதவுப் படம் என்னவோ பொருத்தம்தான்! 1651இல் வெளியான தன் ‘லெவியதான்’ நூலின் 13ஆம் அத்தியாயத்தில் ஹாப்ஸ் கேட்கிறார்: சட்டமும் காவலும் இருந்தும் தூங்கப் போகும்போது கதவைப் பூட்டுகிறோம், வீட்டுக்குள்ளேயே பெட்டியையும் பூட்டுகிறோமே, ஏன்? இடுப்பில் சாவிக்கொத்தைச் செருகிக்கொண்டு வளவில் நடக்கும் ஆச்சிகள் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் அதே இடத்தில், மனித இயல்பைத் தான் குற்றம் சொல்லவில்லை, ஆசைகள் தம்மளவில் பாவமல்ல என்றும் எழுதுகிறார். சாவு பயம், வசதியாக வாழும் ஆசை, உழைத்தால் அது கிடைக்கும் என்ற நம்பிக்கை: மனிதர்கள் சமாதானத்தை நாட அவர் காட்டும் காரணங்கள் இவைதான்.

இரண்டு நூல்களின் ஆங்கில வடிவமும் ப்ராஜெக்ட் குடன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும், பார்த்துக்கொள்ளலாம். இந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், சரி, அதே குழுவில் ஒரு வரித் திருத்தம் போட்டுவிடுங்கள்.