பன்னிரண்டு பேரும் வந்தால்தான் அது எங்கள் பேண்டு

சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு எங்கள் பேண்டு வரவில்லை என்று சொன்ன விவகாரம் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அந்த ஸ்க்ரீன்ஷாட் எல்லா குரூப்பிலும் சுற்றி முடித்துவிட்டது, ஆளாளுக்குத் தீர்ப்பும் எழுதிவிட்டீர்கள். "லோக்கல் பேண்டுக்கு இவ்வளவு திமிரா", "புரொஃபஷனல்னா அட்ஜஸ்ட் பண்ணணும்", "நாலு பேர் போதும்னா நாலு பேர் போயிட்டு வர வேண்டியதுதானே". இதையெல்லாம் கடந்து போயிருப்பேன். ஆனால் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர், "சிங்கர் வந்தா போதும், பின்னாடி நிக்கிறவங்களை யார் பார்க்கிறா" என்று போட்டிருக்கிறார். அதைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை.

நடந்தது இதுதான். நாங்கள் பன்னிரண்டு பேர் என்பது முதல் போனிலேயே நிகழ்ச்சிக்காரர்களுக்குத் தெரியும். மேடைக்கு என்னென்ன வேண்டும் என்கிற பட்டியலான டெக் ரைடரை அனுப்பினோம், ஒத்துக்கொண்டார்கள், அட்வான்ஸும் வந்தது. முந்தின நாள் ராத்திரி போன். "மேடை சின்னது ப்ரோ, மிக்ஸர்லயும் 16 சேனல்தான் இருக்கு. சிங்கர், கிடார், கீபோர்டு, ட்ரம்ஸ் மட்டும் வாங்க. ட்ரம்பெட், பறை எல்லாம் ட்ராக்ல ஓட விட்டுக்கலாம்." அதாவது, முன்பே பதிவு செய்த ஒலியை லேப்டாப்பில் ஓட விடுவது.

அட்ஜஸ்ட் பண்ணவில்லை என்கிறீர்களே, அந்த ராத்திரி நாங்கள் உட்கார்ந்து போட்ட கணக்கைச் சொல்கிறேன். மிக்ஸரில் ஒரு மைக்குக்கோ வாத்தியத்துக்கோ ஒரு சேனல் வேண்டும். எங்களுக்கு வேண்டியது 22 சேனல். ட்ரம்ஸுக்கு மட்டும் கிக், ஸ்னேர், ஹைஹாட், மூன்று டாம், மேலே இரண்டு ஓவர்ஹெட் மைக் என்று எட்டு போய்விடும். டாம் மைக் மூன்றையும் விட்டோம். ஓவர்ஹெட்டில் ஒன்றை விட்டோம். ட்ரம்பெட், ட்ராம்போன், சாக்ஸ் மூவரும் ஒரே மைக்கில் நின்று வாசிக்கிறோம் என்றோம். 16 வந்துவிட்டது. மேடையில் இடம் இல்லையென்றால் பிராஸ் என்று நாங்கள் அழைக்கும் இந்த ஊது வாத்தியக்காரர் மூவரும் பறையும் கீழே தரையில் நிற்கிறோம் என்றும் சொன்னோம். "இல்ல ப்ரோ, பார்க்க நல்லா இருக்காது" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் வரவில்லை என்றோம். மறுநாள் காலையிலேயே அட்வான்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டோம். இதில் திமிர் எங்கே இருக்கிறது?

ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளுங்கள். எங்கள் பாட்டுகளை ஒருவர் எழுதி, மற்ற பதினொரு பேருக்குப் பிரித்துக் கொடுக்கவில்லை. பன்னிரண்டு பேர் ஒரு அறையில் சண்டை போட்டு உண்டாக்கியது அது. ஓர் உதாரணம் சொல்கிறேன். கிடார்காரனுக்கு ஈ மேஜர் பிடிக்கும், திறந்த கம்பிகள் நன்றாக முழங்கும். என் ட்ரம்பெட் பி ஃப்ளாட் வாத்தியம், நான் வாசிக்கிற சுரம் ஒரு முழு சுரம் கீழே ஒலிக்கும். அவன் ஈ-யில் வாசித்தால் நான் எஃப் ஷார்ப்பில், ஆறு ஷார்ப்போடு வாசிக்க வேண்டும். வேகமான இடத்தில் விரல் சிக்கும். அதனால் பாட்டை அரை சுரம் கீழே ஈ ஃப்ளாட்டுக்கு இறக்கினோம். அவன் முதல் ஃப்ரெட்டில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ கவ்வியைப் போட்டு டி மேஜர் விரலமைப்பில் வாசிக்கத் தொடங்கினான். அப்போது வந்த மணிச்சத்தம் போன்ற அந்த ஒலிதான் இன்று எல்லோரும் "இன்ட்ரோ செமயா இருக்கு" என்று சொல்கிற இன்ட்ரோ. ட்ரம்பெட் இல்லாவிட்டால் அந்தக் கிடார் இன்ட்ரோவே பிறந்திருக்காது. இப்போது ட்ரம்பெட்டைக் கழற்றிவிட்டு இன்ட்ரோவை மட்டும் கொண்டு வா என்றால் எப்படி?

பன்னிரண்டு பேர் இருந்தால் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாசிப்பார்கள் என்று நினைக்கிறீர்கள். எங்கள் ரிகர்சலில் பாதி நேரம் யார் எங்கே வாசிக்கக் கூடாது என்ற பேச்சில்தான் போகும். இரண்டு கிடார், கீபோர்டு, சாக்ஸ், ட்ராம்போன் எல்லாம் நடு ஸ்தாயியில் வந்து முட்டிக்கொண்டால் பாடகியின் வரி ஒன்றும் காதில் விழாது. எங்கள் ட்ராம்போன்காரர் ஒரு பாட்டு முழுக்கச் சும்மா நிற்பார், கடைசிச் சரணத்தில் நாலே நாலு சுரம். அந்த நாலு சுரத்துக்காக ரெண்டு பஸ் மாறி ரிகர்சலுக்கு வருகிறார். அவரைத்தான் "பின்னாடி நிக்கிறவர்" என்கிறீர்கள்.

ட்ராக் போட்டுக்கொள்ளலாமே என்கிறவர்களுக்கு: போட முடியாது. ட்ராக் ஓடினால் ட்ரம்மர் காதில் தாளத்தை எண்ணும் க்ளிக் சத்தம் ஓட வேண்டும், க்ளிக் ஓடினால் எல்லோரும் அதற்கு அடிமை. கூட்டம் கூடவே பாடும்போது ஒரு சுற்று நீட்ட முடியாது, பறைக்காரர் கண்ணைக் காட்டினால் வேகத்தைக் கூட்ட முடியாது. இந்த ஊர் வெக்கையில் திறந்தவெளியில் வாசித்திருக்கிறீர்களா? கிடார் கம்பி இளகிச் சுருதி இறங்கும், என் ட்ரம்பெட்டுக்குள் காற்று சூடாகிச் சுருதி ஏறும். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் சுருதி சேர்க்கும் குழாயான ட்யூனிங் ஸ்லைடை ஒரு நகக்கண் அளவு வெளியே இழுத்து, கீபோர்டைக் கேட்டுக் கேட்டுச் சேர்கிறோம். லேப்டாப் யாரையும் கேட்காது.

"பட்ஜெட் இல்லை" என்பதை மட்டும் நான் மதிக்கிறேன். பன்னிரண்டு பேருக்கு வேன், சாப்பாடு, வெளியூர் என்றால் தங்க இடம். உண்மையிலேயே செலவுதான். வந்த பணத்தில் ஸ்டூடியோ வாடகை போக மிச்சத்தைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஒருவருக்கு என்ன கிடைக்கும் என்று எங்களுக்குத்தான் தெரியும். எங்களில் முக்கால்வாசிப் பேர் வேறு வேலை பார்க்கிறோம். ஆனால் பணம் குறைவு என்று சொன்ன எத்தனையோ இடத்தில் குறைத்து வாங்கிக்கொண்டு வாசித்திருக்கிறோம். சனிக்கிழமை பணத்தைப் பற்றி யாரும் பேசவே இல்லை. தலையைத்தான் எண்ணினார்கள்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா வடசென்னையில் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தவர். கல்யாண ஊர்வலம், சாவு, மாதா தேர், கிறிஸ்துமஸ் பவனி எல்லாவற்றுக்கும் போவார்கள். ஒரு கல்யாண வீட்டில் இதே மாதிரிதான், "எட்டு பேர் எதுக்கு, அஞ்சு பேர் போதும்" என்றார்கள். அன்று வீட்டிலேயே நின்றுபோனவர் தாழ்ந்த ஸ்தாயி ஊது வாத்தியமான யூஃபோனியம் வாசித்த மாமா. அடியில் அவர் இல்லாமல் மெட்டு மட்டும் அந்தரத்தில் போனது. நான் சின்னப் பையன், ஊர்வலத்தோடு நடந்தேன், எனக்கே தெரிந்தது. அப்பா அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அப்புறம் அஞ்சு மூன்றானது, மூன்றும் போய் வேனில் கட்டிய ஸ்பீக்கர் பாக்ஸ் வந்தது. மாமா கடைசி வரைக்கும் ஒரு அபார்ட்மென்டில் வாட்ச்மேன். கோடம்பாக்கத்திலும் இதுதான் நடந்தது. வயலின் வரிசை வரிசையாக உட்கார்ந்து ஒரே டேக்கில் வாசித்த ஸ்டூடியோக்களில், 90களில் கீபோர்டும் கம்ப்யூட்டரும் வந்த பிறகு எத்தனை வாத்தியக்காரர்கள் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்தார்கள். தொழில்நுட்பத்தைக் குறை சொல்லவில்லை, எங்கள் கீபோர்டிலும் சாம்பிள்கள் இருக்கின்றன. "நீ தேவையில்லை" என்று அவர்களிடம் சொன்ன விதம்தான் எனக்கு ஆறவில்லை.

"பெரிய பேண்டெல்லாம் உலகத்தில் எங்கேயும் நிலைக்காது" என்று ஒருவர் பாடம் எடுத்திருந்தார். கனடாவின் டொரோன்டோவில் ப்ரோக்கன் சோஷியல் சீன் என்ற பேண்டு 1999இல் தொடங்கியது. ஆறு பேராகவும் இருந்திருக்கிறார்கள், 19 பேராகவும் இருந்திருக்கிறார்கள். பாடகி ஃபைஸ்ட் அதிலிருந்து தனியாகப் போய்ப் பெரிய பெயர் எடுத்த பிறகும் அவர்களோடு வந்து பாடியிருக்கிறார். மான்ட்ரியலின் ஆர்கேட் ஃபயர் வயலினும் அக்கார்டியனும் இரண்டு ட்ரம்ஸுமாக மேடையை நிறைத்துக்கொண்டு நின்றவர்கள். மெர்ஜ் என்கிற சின்ன கம்பெனி அமெரிக்காவில் வெளியிட்ட அவர்கள் ஆல்பத்துக்கு 2011இல் கிராமியின் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருது கிடைத்தது. கொச்சியின் தைக்குடம் பிரிட்ஜ் பேண்டில் எத்தனை பாடகர்கள் என்று மேடையைப் பார்த்தாலே தெரியும். இன்று நீங்கள் சினிமா இசையமைப்பாளராகக் கொண்டாடுகிற கோவிந்த் வசந்தா அந்தக் கூட்டத்தில் வயலினோடு நின்றவர்தான்.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும். 2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கம். சாதிக்கு எதிராகப் பாடும் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் பேண்டின் முதல் நிகழ்ச்சி. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் முன்னெடுக்க, இசையமைப்பாளர் டென்மா கட்டி எழுப்பிய 19 பேர், கோட்டும் சூட்டுமாக. நான் கூட்டத்தில் நின்றேன். அந்த 19 பேரில் யாரைக் கழிப்பீர்கள்? கானா பாடகர்களையா, பறையையா, சட்டி மேளத்தையா, கிடாரையா? காலங்காலமாக மேடைக்குக் கீழே நிறுத்தி வைக்கப்பட்டவர்கள் மொத்தமாக ஏறி நின்றதுதான் அன்றைய நிகழ்ச்சி. நாலு பேராக வந்திருந்தால் அது நடந்தே இருக்காது. எங்கள் பேண்டில் பறையை ட்ராக்கில் போடச் சொன்னபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த ராத்திரிதான். பறைச்சத்தம் வேண்டும், பறை அடிக்கிற ஆள் மேடையில் நின்றால் பார்க்க நன்றாக இருக்காது. இதை வேறு எப்படிப் புரிந்துகொள்ளச் சொல்கிறீர்கள்? "எல்லாத்துலயும் அரசியல் பார்க்காதே" என்று கமெண்டில் வருவீர்கள், வாருங்கள். அந்த மனிதர் பக்கத்தில் நின்று வாசிக்கிறவன் நான். அவர் முகத்தை நான் பார்த்தேன், நீங்கள் பார்க்கவில்லை.

பாட்டு பிடிக்கவில்லை என்று எழுதுங்கள். மிக்ஸ் மோசம், வரிகள் சுமார், பிராஸ் சுருதி விலகுகிறது, எது வேண்டுமானாலும் எழுதுங்கள், படித்துத் திருத்திக்கொள்வோம். வரப்போகிற நிகழ்ச்சிக்காரர்களும் பணம் குறைவென்றால் சொல்லுங்கள், உட்கார்ந்து பேசலாம். மேடை சின்னதென்றாலும் நெருக்கி நிற்போம். எங்களில் யாரை விட்டுவிட்டு வரலாம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

"சிங்கர் வந்தா போதும்" என்று எழுதிய நண்பருக்கு ஒன்று. அந்த ராத்திரி "பார்க்க நல்லா இருக்காது" என்ற பதில் போனில் வந்தபோது ஸ்பீக்கரில் போட்டிருந்தோம். நாங்கள் பதினொரு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தபோது, "நான் வரலண்ணா, வேற யாரையாவது கூப்பிட்டுக்கோங்க" என்று சொல்லிக் கட் பண்ணியது எங்கள் பாடகி. உங்கள் வரியைப் பாராட்டு என்று நினைத்து அவளை டேக் வேறு செய்திருக்கிறீர்கள். முதலில் அந்த டேக்கை எடுங்கள்.